பண்டிகைத் திரையும் துயர விளம்பரமும்

தீபாவளியன்று பகல் விருந்து முடிந்து, மும்பை சுனாபட்டியின் ஒற்றை அறை வீட்டில் மூன்று தலைமுறையினர் நெருங்கியமர்ந்து, தமிழ்த் தொலைக்காட்சியில் முதன்முறையாக வரும் புதுப்படத்திற்காகக் காத்திருக்கையில், கதாநாயகனுக்கு முன்னதாக ஒரு புற்றுநோயாளியின் முகம் திரையில் தோன்றுமாயின், மங்கள தினத்தில் இது தகுமா என்று வீட்டுப் பெரியவர்கள் மனம் நோவது இயல்பே. அவர்களை நான் பழிக்க மாட்டேன். ஊரிலிருந்து பரேல் டாடா ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்திற்கென வந்து, உறவினர் வீட்டில் தங்கி, ஒரு நாளாவது தம் வியாதியை மறந்திருக்க விரும்பும் ஒருவர் அதே அறையில் அமர்ந்திருக்கக் கூடும். அவருக்கு அந்த எச்சரிக்கையால் விளையும் பிரயோஜனம் ஏதுமில்லை. வேதனை மட்டுமே மிச்சம்.

ஆயினும் இத்துயரத்தை வீட்டிற்குள் அழைத்து வந்தது யார்? 2012 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்த விதியின்படி, புகையிலைப் பழக்கத்தைக் காட்டும் படங்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி எச்சரிக்கைப் படத்தைக் காட்டியாக வேண்டும். புகையிலையே காட்டாத படத்திற்கு அந்தக் கட்டாயமே இல்லை. ஆகவே அமங்கலம் என்ற ஆக்ஷேபம் முதலில் சேர வேண்டிய இடம் சிகரெட் பற்றவைக்கும் நாயகனின் உதடும், பண்டிகைக்கென்று அப்படத்தையே தேர்ந்த நிலையமுமாகும். 2013-இல் வுடி ஆலன் இவ்வெச்சரிக்கைகளை ஏற்க மறுத்துத் தம் படத்தையே இந்தியாவில் வெளியிடாமல் நிறுத்தினார். கலையின் பேரால் எழும் அந்த வாதத்தைக் காட்டிலும் நம் பாட்டியின் மனவருத்தமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பண்டிகையும் இவ்விஷயத்தில் குற்றமற்றதன்று. விருந்துக்குப் பின் வரும் தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையும் சில வீடுகளில் இடம்பெறுகிறது. 2016-17-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், இந்திய வயதுவந்தோரில் புகைப்போர் 10.7 சதவீதமெனில், மெல்லுதல் முதலிய புகையில்லாப் புகையிலையைக் கொள்வோர் 21.4 சதவீதம். குட்கா மென்று, வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகி, 2009-இல் 24 வயதில் மாண்ட முகேஷ் பேசும் எச்சரிக்கைப் படம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. குடும்பம் முழுதும் கூடியிருக்கும் வேளையைக் காட்டிலும் அவருடைய சாட்சியத்திற்கு ஏற்ற சந்தர்ப்பம் வேறில்லை என்பதே என் அபிப்ராயம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஓயாது காட்டப்பட்டதால் அச்சாட்சியம் மரத்துப்போயிற்று. சாகக் கிடந்தவரின் சொற்களைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துச் சிரித்தார்கள். இறந்தவருக்கு அதனினும் பெரிய அவமரியாதை உண்டா? மேலும், அஞ்சச் செய்யும் விளம்பரம், அஞ்சியவன் அடுத்த நிமிஷம் என்ன செய்ய வேண்டும் என்பதை மனத்தில் பதிய உரைப்பதில்லை. புகையிலையை விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா அரசுத் தொலைபேசி எண் இருக்கிறது. பழக்கத்தை விட்டொழித்த ஒருவரின் முகத்தோடு, எழுதிக்கொள்ளும் அளவு நேரம் அது பண்டிகைத் திரையில் நிற்கட்டும். நோயாளியும் அதைக் கண்டு முகம் திருப்ப வேண்டியிராது.

நிலையங்கள் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. வரும் பொங்கலன்று உங்கள் வீட்டுத் தாம்பூலத் தட்டிலிருந்து புகையிலையை மட்டும் எடுத்துவிடுங்கள்.