பாடநெறிக்கு அங்கீகாரம், அளவையாளருக்கு?

கடலடியை அளப்பவர் செய்யும் பிழை அன்றே வெளிப்படுவதில்லை. கப்பல் தரைதட்டும் நாள்வரை அது கடல் வரைபடத்தில் நல்ல எண்ணைப் போலவே கிடக்கும். இந்தத் தொழிலின் பயிற்சித் தரத்தைக் கறாராக எடைபோட வேண்டியது அதனால்தான்.

அந்தத் தரத்தை வகுப்பது, சர்வதேச நீர்வரைவியல் அமைப்பும் அளவையாளர் கூட்டமைப்பும் 1977-இல் தொடங்கிய வாரியம். சர்வதேச நிலப்பட வரைவியல் சங்கம் பின்னர் சேர்ந்தது. அளவைப் பணியைத் திட்டமிட்டுப் பொறுப்பேற்பவருக்கு எஸ்-5ஏ, களத்தில் செய்துமுடிப்பவருக்கு எஸ்-5பி.

பாடத்திட்டத்தில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. தலைப்புகளை அடுக்குவதோடு நிற்காமல், படித்தவர் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்றும் அது சொல்கிறது. களப்பணியும் கட்டாயம். ஏன் என்பது, கருவிகளைப் பொருத்திய கோணங்களில் உள்ள பிழையைக் கண்டறியும் 'பேட்ச் டெஸ்ட்' நடக்கும்போது விளங்கும். பல ஒலிக்கற்றைகளால் ஆழத்தை அளக்கும் மல்டிபீம் எக்கோ சவுண்டருக்கும் படகின் ஆட்டத்தை உணரும் கருவிக்கும் இடையிலான பக்கவாட்டுக் கோணத்தில் அரைப் பாகை பிசகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் ஆழத்தில், செங்குத்திலிருந்து 60 பாகை விலகும் ஒலிக்கற்றை சுமார் 30 சென்டிமீட்டர் தவறு காட்டும். துறைமுகம் போன்ற நெருக்கடியான இடங்களுக்கு, நீர்வரைவியல் அமைப்பின் அளவைத் தர ஆவணமான எஸ்-44 வகுத்த சிறப்பு நிலையில், அந்த ஆழத்துக்கு மொத்த அனுமதியே சுமார் 29 சென்டிமீட்டர்தான். சமதளமான அடித்தரைக்கு மேலே ஒரே கோட்டில் போய்த் திரும்பினால், இரண்டு ஓட்டங்களின் குறுக்குவெட்டும் கத்தரிக்கோல்போல விரிந்து நிற்கும். அதைக் கண்டதும் எந்தக் கோணம் பிசகியது என்று சொல்லும் கண், படகில் ஏறினால்தான் வரும்.

ஆனால் வாரியம் அங்கீகரிப்பது முதன்மையாகப் பாடநெறியை. கோவாவில் இந்தியக் கடற்படை நடத்தும் தேசிய நீர்வரைவியல் நிறுவனத்தின் படிப்புகள் அப்படி அங்கீகாரம் பெற்றவை. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடநெறி மீண்டும் தேர்வுக்கு வர வேண்டும்; படித்து வெளியேறியவருக்கு அப்படியொரு கெடு இல்லை. இடைப்பட்ட காலத்தில் கடலிலேயே இருந்தவரும் மேசையை விட்டு எழாதவரும் காட்டுவது ஒரே சான்றிதழ். ஆளையே சோதித்துச் சான்று தரும் திட்டங்களையும் வாரியம் ஏற்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வட்டாரத்தில் அப்படியொன்று உண்டு. உலக அளவில் அது விதியாகவில்லை.

கப்பலை ஓட்டுபவருக்கு பயிற்சி, சான்றளிப்பு பற்றி 1978-இல் உருவான எஸ்டிசிடபிள்யூ உடன்படிக்கை இருக்கிறது. பணியில் நீடிக்க, ஐந்து ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் தகுதியை நிரூபித்தாக வேண்டும். அவர் நம்பிப் போகும் ஆழத்தை அளந்தவரை அதற்கிணையான உலகச் சட்டம் எதுவும் கட்டுப்படுத்தவில்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை, அளவைச் சேவை தரும் கடமையை அரசுகள்மீது சுமத்துகிறது. அளப்பவரின் தகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

என் முடிவு இதுதான்: கல்வித் தரமாக எஸ்-5 தேறிவிட்டது, தொழில் தரமாகத் தேறவில்லை. அளவையாளருக்கான சான்றைக் கட்டாயமாக்கினால் பசிபிக் தீவுகள் போன்ற சிறிய நாடுகள் ஆளுக்கு எங்கே போகும் என்ற கேள்வி நியாயமானது. எனவே எல்லாக் கடலுக்கும் ஒரேயடியாக வேண்டாம். சிறப்பு நிலை அளவை தேவைப்படும் துறைமுகங்களிலும் ஆழமற்ற கால்வாய்களிலும் தொடங்கலாம். அங்கே பொறுப்பேற்கும் அளவையாளர், பாடநெறிக்கு வைத்த அதே ஆறாண்டுக் கெடுவுக்குள் தம் களப்பணிப் பதிவேட்டைக் காட்டிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும்.