வள்ளன்மையும் மேல்வாரமும்: சேதுபதி மரபின் நிலவுடைமை வரலாற்றை வாசித்தல்

சேதுபதி மரபினரைப் பற்றிய தமிழ் வரலாற்று நூல்கள் பலவும் கொடைப் பட்டியல்களாகவே அமைந்துள்ளன. கோயிலுக்கும் மடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் புலவருக்கும் விடப்பட்ட ஊர்களைச் செப்பேடுகள் கூறுகின்றன. நூலாசிரியர்கள் அவற்றை மன்னரின் வள்ளன்மைக்குச் சான்றாக்குகின்றனர். கொடுக்கப்பட்டது யாது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை.

கண்மாய் நீரை நம்பிய வறண்ட நாட்டில் ஊரைத் தானமாக விடுதல் பெரும்பாலும் மண்ணைக் கைமாற்றுவதன்று. அவ்வூர் விளைச்சலில் அரசுக்குரிய மேல்வாரத்தை விட்டுக்கொடுப்பதேயாகும். குடிவாரம் உழுகுடிகளுக்கு உரியது. எனவே கொடை, செல்வத்தைக் குறைக்கும் செயலாக அன்றி அரசுரிமையை நிலைநாட்டும் செயலாக விளங்கிற்று.

1795இல் கும்பெனியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவி நீக்கினர். 1803இல் அவர் தமக்கையார் மங்களேசுவரி நாச்சியாருக்கு நிலையான பேஷ்குஷ் விதித்து ஜமீன் உரிமை வழங்கினர். அன்றுமுதல் பங்குரிமை, வழக்காடத்தக்க சொத்தாயிற்று. இராணி பர்வதவர்த்தனி நாச்சியாரின் தத்துரிமையை மதுரைக் கலெக்டர் எதிர்த்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கணவனின் உறவினர் இசைவுடன் கைம்பெண் தத்தெடுக்கலாம் என 1868இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு இந்துச் சட்டத்தின் முன்மாதிரிகளுள் ஒன்றாயிற்று.

இப்பின்னணியிலேயே பாஸ்கர சேதுபதியை (1868-1903) மதிப்பிடல் வேண்டும். விவேகானந்தரின் சிகாகோப் பயணத்துக்கும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்கும் துணைநின்ற அவரைப் புகழ்வோர் வள்ளல் என்பர். கடன் கணக்கை நோக்குவோர் ஊதாரி என்பர். இரு தீர்ப்புகளும் ஒரே பிழையுடையன. பழைய அறத்தின்படி அரசனை அரசனாக்கிய அதே செயல், பேஷ்குஷ் முறையின்கீழ்க் கடனாக எழுதப்பட்டது. மாறியது மனிதரின் குணமன்று, நிலத்தின் பொருள்.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் உடையவருக்கு இழப்பீட்டையும் குடிகளுக்குப் பட்டாவையும் வழங்கிற்று. குடிவாரமும் இல்லாது கூலிக்கு உழைத்தோர்க்கு அச்சட்டத்தால் நிலம் கிட்டவில்லை. செப்பேட்டில் கொடுத்தோர் பெயரும் பெற்றோர் பெயரும் உண்டு. கண்மாய்க் கரையை உயர்த்தியோர் பெயர் இல்லை. கொடைப் பட்டியலையே வரலாறெனக் கொள்ளும் எழுத்து, அந்த விடுபாட்டை மீண்டும் ஒருமுறை பொறிக்கிறது. சேது நாட்டு வரலாறு இனி மேல்வாரக் கணக்கிலிருந்து கீழ்நோக்கி எழுதப்படல் வேண்டும்.