எழுத்துமேசையும் வழக்காடு மன்றமும்: ‘சட்டமும் நீதியும்’ தொடரில் நோட்டரி வழக்குரைஞர்

ஆய்வுச் சுருக்கம்

நலிந்த நிலையிலுள்ள நோட்டரி வழக்குரைஞர் ஒருவரை மையப் பாத்திரமாகக் கொண்ட ‘சட்டமும் நீதியும்’ தொடர், தமிழ் வழக்காடு கதைமரபில் ஒரு விலகலாகும். எனினும் நோட்டரியின் எழுத்துப்பணியைத் தாழ்ச்சியாகவும் மன்றத்து வாதத்தை மீட்சியாகவும் அது காட்டுகிறது. இம்மதிப்பீடு சட்டத்தின் நடைமுறையோடு பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: இணையத் தொடர், நோட்டரி, முதல் தகவல் அறிக்கை, பிரமாணப் பத்திரம், கொல்லிமலை.

முன்னுரை

பாலாஜி செல்வராஜ் இயக்கத்தில் சரவணன் நடித்த ‘சட்டமும் நீதியும்’ 2025 ஜூலை 18 அன்று ஜீ5 தளத்தில் 7 பகுதிகளாக வெளியானது. திரைப்படங்களுக்குக் கிடைக்கும் திறனாய்வுக் கவனம் இத்தகைய தொடர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. மகளைக் காணாது தவிக்கும் குப்புசாமி என்பவரின் புகாரைக் காவல்துறை பதிவு செய்ய மறுக்கிறது. அவர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளிக்கிறார். ஏளனத்துக்கு ஆளான நோட்டரி வழக்குரைஞர் சுந்தரமூர்த்தி, அவருக்காகப் பொதுநல வழக்கைக் கையில் எடுக்கிறார்.

பேச்சின் மரபு

தமிழ்த் திரையில் நீதிமன்றம் பெரிதும் பேச்சின் அரங்காகவே இருந்துவந்துள்ளது. ‘பராசக்தி’யில் (1952) குற்றம் சாட்டப்பட்டவனே தனக்காகப் பேசுகிறான். ‘கௌரவம்’ (1973) பாரிஸ்டரின் வாதத்திறனையும் தன்முனைப்பையும் ஒருங்கே முன்வைக்கிறது. ‘விதி’ (1984) மன்ற உரையாடலாலேயே நினைவில் நிற்கிறது. ‘ஜெய் பீம்’ (2021) ஆட்கொணர்வு மனுவில் தொடங்கினாலும் அதன் நாயகன் முதலிலிருந்தே ஆற்றல் வாய்ந்த வழக்குரைஞன்.

சுந்தரமூர்த்தி இம்மரபில் வேறுபட்டவர். அவர் தாளின் மனிதர். கையொப்பமும் முத்திரையுமே அவரது தொழில். சரவணனின் அடங்கிய நடிப்பு, நெடுங்கால அவமதிப்பைப் பழக்கமாக்கிக்கொண்ட ஒருவரை நம்பும்படி நிறுத்துகிறது. ஆனால் அவர் மதிப்பு மீளும் இடமாகத் தொடர் தேர்வது மீண்டும் மன்றத்தையே. எழுதுபவர் பேசுபவராக மாறினால்தான் முழு வழக்குரைஞர் ஆகிறார் என்ற பழைய மதிப்பீடு இவ்வாறு தொடர்கிறது.

தாளின் வலிமை

பிடிக்கத்தக்க குற்றம் வெளிப்படும் தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. காவல் நிலையம் மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதிலும் பயனில்லையெனில் குற்றவியல் நடுவரை அணுகலாம். உயர் நீதிமன்றத்துக்கு நேரே செல்வதைவிட இவ்வழியே முதன்மையானது எனச் சாகிரி வாசு வழக்கு (2008) வலியுறுத்தியது.

நடுவரிடம் அளிக்கும் மனுவுடன் பிரமாணப் பத்திரம் இணைக்கப்பட வேண்டும் எனப் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கு (2015) விதித்தது. பொய்ப் புகாரைத் தடுப்பதே அதன் நோக்கம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவு அதையே சட்டமாக்கியுள்ளது. பிரமாணப் பத்திரத்தை உறுதிசெய்யும் அதிகாரம் பெற்றோருள் நோட்டரியும் ஒருவர். மேலும், நோட்டரியாக அமர்த்தப்பட வழக்குரைஞர் ஒருவருக்குப் பொதுவாக 10 ஆண்டுத் தொழில் அனுபவம் தேவை. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் ஆகியோருக்கு 7 ஆண்டு போதும்.

ஆக, குப்புசாமி போன்றோர் நடுவரின் வாயிலை அடையத் துணைசெய்யும் தாள், தொடர் இழிவாகக் காட்டும் அந்த மேசையில்தான் உருவாகிறது. பாதிக்கப்பட்டவர் தாமே வர இயலாத நிலையில் பிறர் ஒருவர் பொதுநல வழக்குத் தொடுப்பது கதையளவில் ஏற்கத்தக்கதே. ஆயினும், தீக்குளிப்புக்கு முன் அம்மேசை என்ன செய்திருக்கலாம் என்ற வினாவே தொடரின் அடிப்படை வினாவாகியிருக்க வேண்டும். தொடர் அதைத் தன் மையத்தில் நிறுத்தவில்லை.

மலையிலிருந்து நோக்கும்போது

இவ்விடைவெளியின் பொருள் நகருக்கு வெளியே இன்னும் தெளிவாகிறது. மலையாளி பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் கொல்லிமலையிலிருந்து மாவட்ட நீதிமன்றம் அமைந்துள்ள நாமக்கல்லுக்குக் காரவள்ளி வழியாக இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து வருபவர் முதலில் சந்திப்பது பெரும்பாலும் மனு எழுதித் தருபவரையே. அம்மனு பிழையாக அமைந்தால், எவ்வளவு சிறந்த வாதத்துக்கும் அங்கே இடமில்லை.

சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987இன் 12ஆவது பிரிவு பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரிமை அளிக்கிறது. ஒரு தனிமனிதரின் மனச்சான்று விழித்தெழுவதை நீதியின் தொடக்கமாகக் காட்டும் கதையில், இத்தகைய உரிமை ஒருவரது கருணையின் வடிவையே பெறுகிறது.

முடிவுரை

தோற்ற வழக்குரைஞரை நாயகனாக்கிய துணிவு ‘சட்டமும் நீதியும்’ தொடரின் சிறப்பு. அவர் தோற்ற இடம் எது எனத் தவறாகக் கணித்தது அதன் குறை. சுந்தரமூர்த்தியின் வீழ்ச்சி அவர் மேசையில் அமர்ந்ததால் நேர்ந்ததன்று. அம்மேசைக்கு வந்தவர்களின் தாள்களை வெறும் தாள்களாகக் கருதியதால் நேர்ந்தது எனக் கொண்டால் தொடர் இன்னும் ஆழமான வாசிப்பைத் தரும். தமிழ் வழக்காடு கதைகளை வாதத்தின் வழி மட்டுமின்றி, மனு, முத்திரை, பதிவேடு ஆகியவற்றின் வழியும் ஆராய்வது, மன்றத்துக்குள் நுழையவே இயலாதோரின் கதையை வெளிக்கொணரும்.