வருவதும் குறைவதும்

சென்னை கொரட்டூரில் சொந்த மொட்டை மாடி இருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இப்போது சோலார் பேச்சுதான். "போட்டா பில் எவ்வளவு சார் குறையும்?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் என் தோழி போனில் வேறு மாதிரி கேட்டாள்: "அக்கா, உங்கட பக்கம் சோலர் பூட்டினா மாசம் எவ்வளவு வரும்?"

எங்களுக்குக் குறைய வேண்டும், அவர்களுக்கு வர வேண்டும். செலவை எடைபோடும் முறையே இங்கிருந்துதான் பிரிகிறது.

எங்கள் கணக்கைப் பார்ப்போம். ஈபி ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் விகிதமே மாறிவிடும். கோடையில் இரண்டு ஏசி ஓடும் வீட்டில் 700 யூனிட் சாதாரணம். 2024 ஜூலைக் கட்டணத்தில், மற்றச் சில்லறைகளைச் சேர்க்காமல், அது 3,800 ரூபாயை ஒட்டி வரும். ஒரு கிலோவாட் தகடு நாளைக்குச் சராசரி 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. அந்த முதல் கிலோவாட் பில்லைச் சுமார் 1,550-க்கு இறக்கிவிடும். இரண்டாவது கிலோவாட் 330-க்குக் கொண்டுவரும். மூன்றாவதற்குக் குறைக்க மிச்சம் இருப்பது அந்த 330 மட்டும்தான்.

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் (2024 பிப்ரவரி) முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதற்கு 18,000. கிலோவாட்டுக்கு 70,000 செலவு என்று வைத்துக்கொண்டால், மானியம் போக இரண்டு கிலோவாட்டுக்குக் கையிலிருந்து 80,000. வருடம் முழுக்க இதே அளவு பில் வருகிற வீட்டில் அது நான்கு வருடத்துக்குள் மீண்டுவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்குப் போடும் 52,000 மீள இருபத்தாறு வருடம் ஆகும். தகட்டின் ஆயுளே ஏறக்குறைய அவ்வளவுதான். "மூணா போட்டுடுங்க, 78,000 முழுசா கிடைக்கும்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பழைய ஆறு பில்லையும் எடுத்துக் காட்டிப் பேச வேண்டும். இதை நான் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தோழி வீட்டில் இந்தப் படிக்கணக்கே கிடையாது. இலங்கையில் 2010 முதல் இருந்த நெட் மீட்டரிங் முறையோடு, 2016-இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில் காசாகக் கொடுக்கும் முறைகளும் வந்தன. நெட் பிளஸ் என்றால் கூரையில் விளைவது முழுவதையும் மின்சார சபை வாங்கிக்கொள்ளும். வீட்டுப் பில் தனி. முதல் ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 இலங்கை ரூபாய், அடுத்த பதின்மூன்று வருடம் 15.50 என்பது அப்போதைய ஒப்பந்தம். அங்கே ஐந்தாவது கிலோவாட்டும் முதலாவதைப் போலவே சம்பாதிக்கும். காணியில் தென்னை வைப்பது மாதிரி, ஒவ்வொன்றும் வரவுதான்.

ஆனால் அந்த வருமானம் ஒப்பந்தத்தில் எழுதிய ரூபாயில். 2022-இல் ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360-க்குப் போனது. வரவு அதே 22-தான்; இறக்குமதி இன்வெர்ட்டரின் விலையோ டாலரோடு ஏறியது. அந்த மார்ச்சில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கரண்ட் போனால், கிரிட்டோடு இணைத்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிருக்கான பாதுகாப்பு அது. பகலில் வெட்டினால், வெயில் கொளுத்தினாலும் அந்த நேரத்து வரவு இல்லை. 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கால் வந்த கோளாறு நாடு முழுக்க இருட்டாக்கியது. ஞாயிற்றுக்கிழமை, மின்தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், கிரிட் தாங்கவில்லை. அந்த வருடம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி சபையே கேட்டுக்கொண்டது.

"நிப்பாட்டினோம் அக்கா, ஆனா மனசு கேக்கேல்ல" என்றாள்.

இன்வெர்ட்டர் நின்றுபோவது எங்களுக்கும் பொருந்தும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கொரட்டூர் தண்ணீரில் நின்றபோது, பேட்டரி இல்லாத சோலார் வைத்திருந்தாலும் ஒரு பல்பு எரிந்திருக்காது. பேட்டரி தனிச் செலவு. அதற்கும் சேர்த்து 'நாலு வருஷத்தில் மீண்டுவிடும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

போன வாரம் சாக்பீஸோடு மாடிக்குப் போனேன். காலை ஒன்பதுக்கும், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் கோடு போட்டேன். வரிசையில் ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் இறங்கும். கோடுகளுக்கு வெளியே, துணிக்கொடியை நகர்த்தினால், இருநூறு சதுர அடி கிடைக்கிறது. இரண்டு கிலோவாட்டுக்கு அது போதும்.