அசரீரிக்கு ஒரு முகம்: எம்.எஸ். பாஸ்கரின் நடிப்பு

பாட்டி ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ தொடரைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். அப்போது ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். முன்னறையில் டிவி, பின்னால் குசினி. பிள்ளைகள் நாங்கள் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டே காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருப்பார். மழை வந்தால் ஆஸ்ட்ரோவில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும், குரல் மட்டும் விட்டு விட்டு வரும். நாங்கள் சலித்துக்கொள்வோம். “பட்டாபி பேசுறான், அடைக்காதீங்கடா” என்பார் பாட்டி. முகம் அவருக்குத் தேவைப்படவில்லை.

அந்தப் பட்டாபியின் பெயர் எம்.எஸ். பாஸ்கர் என்பதும், நமக்கு நடிகராகத் தெரியவருவதற்கு முன்பே அவர் டப்பிங் கலைஞர் என்பதும் எனக்கு மிகவும் பின்னால்தான் தெரிந்தது. 2025 ஆகஸ்டில் 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தபோது, ‘பார்க்கிங்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. மலையாள நடிகர் விஜயராகவனோடு பகிர்ந்துகொண்ட விருது. அன்று எங்கே பார்த்தாலும் ஒரே வாசகம்: ‘தாமதமாக வந்த அங்கீகாரம்’. தாமதம் என்பது சரி. ஆனால் எதற்கான அங்கீகாரம் என்று யாரும் பேசியதாகத் தெரியவில்லை. சின்னத்திரையில் சிரிக்க வைத்தவர், பெரிய திரையில் அழ வைத்தவர் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. பாஸ்கரின் நடிப்பைப் புரிந்துகொள்ள டப்பிங் அறையிலிருந்து தொடங்க வேண்டும்.

டப்பிங் என்றால் பின்னால் நின்று வசனம் படிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அவ்வளவு லேசான வேலை இல்லை. காட்சியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித் திரும்பத் திரும்பத் திரையில் ஓட்டுவார்கள். பேசுகிறவர் காதில் ஹெட்போனோடு, இன்னொருவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டு, அது திறக்கும்போது திறந்து மூடும்போது மூட வேண்டும். ப, ம மாதிரி உதடு ஒட்டும் எழுத்துகளில்தான் சிக்கல். திரையில் வாய் மூடியிருக்கும்போது ‘ஆ’ என்று ஒலித்தால் பார்க்கிறவன் உடனே கண்டுபிடித்துவிடுவான். என் தொழில் பாஷையில் சொன்னால் டாலரன்ஸ் ரொம்பக் குறைவு. அந்த நூலளவு இடத்துக்குள் கோபம், வெட்கம், பயம் எல்லாம் வர வேண்டும். முதலில் மூச்சைக் கவனிக்க வேண்டும். திரையில் இருக்கும் ஆள் எப்போது மூச்சை இழுக்கிறான், எங்கே விழுங்குகிறான் என்று தெரியாமல் அவனுக்குக் குரல் கொடுக்க முடியாது.

இவ்வளவு செய்தும் பேர் வராது. மோகனின் படங்களில் நாம் கேட்டு மயங்கிய குரல் எஸ்.என். சுரேந்தருடையது. ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் ‘காதல் தேசம்’ படத்தில் அப்பாஸுக்கும் பேசியவர் விக்ரம். 1999இல் ‘சேது’ வந்த பிறகு அவர் நட்சத்திரமானார், அந்த நாட்கள் ஒரு போராட்டக் கதையாக மாறின. அதாவது டப்பிங் என்பது தப்பித்து வெளியே வர வேண்டிய இடம் என்றுதான் நம் சினிமா நினைக்கிறது. தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கு இடம் உண்டு. தேசிய விருதில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. பாஸ்கர் விஷயத்தில் அந்த அறை குடும்பத் தொழில் மாதிரி. அவர் மகள் ஐஸ்வர்யாவும் டப்பிங் கலைஞர்தான். (‘96’ படத்தில் இளவயது ராமாக வந்த ஆதித்யா இவருடைய மகன்.)

இங்கிலாந்தில் பீட்டர் சாலிஸ் என்று ஒரு நடிகர் இருந்தார். 1973இல் தொடங்கி 2010 வரை ஓடிய ‘லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்’ என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரின் எல்லாப் பகுதிகளிலும் நடித்தவர். ஆனால் உலகம் அவரை ‘வாலஸ் அண்ட் குரோமிட்’ களிமண் பொம்மைப் படங்களில் வரும் வாலஸின் குரலாகத்தான் அறியும். நிக் பார்க் மாணவராக இருந்தபோது கேட்டார் என்பதற்காக, ஓர் அறநிறுவனத்துக்கு 50 பவுண்ட் நன்கொடை என்ற கணக்கில் பேசிக்கொடுத்தார். அவர் ‘சீஸ்’ என்ற சொல்லை உச்சரித்த விதத்தைக் கேட்டுத்தான் வாலஸின் அகலமான வாய் உருவானது என்று பார்க் சொல்லியிருக்கிறார். அங்கே குரலுக்கு ஏற்ற மாதிரி முகத்தைப் பிசைந்தார்கள். நம் ஊரில் முகம் முதலில் முடிவாகிவிடும், குரல் அதற்குள் ஒடுங்கி உட்கார வேண்டும். பாஸ்கர் அப்படி ஒடுங்கிப் பழகியவர்.

பட்டாபி அந்த ஒடுக்கத்திலிருந்து வெடித்து வந்த ஆள் மாதிரி எனக்குப் படுகிறது. குரலை இழுக்கிறார், உடைக்கிறார், தேவையில்லாத இடத்தில் ஏற்றுகிறார். இப்போது பார்த்தால் பல இடங்களில் மிகைதான், மறுக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சித் தொடர் குசினிக்கும் கேட்க வேண்டிய கலை. படத்தைப் பார்க்காதவருக்கும் கதை புரிய வேண்டும். அந்தக் கணக்கு பாஸ்கருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பாட்டியே சாட்சி.

உண்மையான திருப்பம் 2007இல் ராதாமோகனின் ‘மொழி’. இந்தப் படத்தில் குரல் சம்பந்தமாக ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜோதிகாவின் பெரும்பாலான படங்களில் அவருக்கு வேறொருவர்தான் பேசியிருப்பார். தன் நடிப்பில் சிறந்ததாகச் சொல்லப்படும் இந்தப் படத்தில், வாய் பேசாத, காது கேட்காத அர்ச்சனாவாக வருவதால் அவருக்கு யாருடைய குரலும் தேவைப்படவில்லை. அதே படத்தில் பாஸ்கரின் பேராசிரியர் நேர் எதிர்த் திசையில் நிற்கிறார். காது கேட்கும், வாய் ஓயாது. ஆனால் மகன் இறந்த 1984ஆம் வருஷத்திலேயே மனம் நின்றுவிட்டது. அந்த வருஷத்துச் செய்திகளை இன்றைய செய்தி மாதிரி எதிரில் வருகிறவர்களிடம் விசாரிக்கிறார். முதலில் நாம் சிரிக்கிறோம், ஏனென்றால் பட்டாபியைப் பார்த்துச் சிரித்துப் பழகியிருக்கிறோம். பிறகு பிருத்விராஜின் கார்த்திக், மகன் செத்துவிட்டான் என்று அவரிடம் உடைத்துச் சொல்கிற காட்சி. அதைக் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். அழுகை வருவதற்கு முன்னால் மூச்சு தடுமாறுகிறது. இத்தனை வருஷம் பேசிக்கொண்டே இருந்ததெல்லாம் இந்த ஒரு செய்தி காதில் விழாமல் இருக்கத்தான் என்று அந்தத் தடுமாற்றத்தில் புரிந்துவிடுகிறது. மூச்சைப் படிக்கக் கற்றவர் செய்யக்கூடிய காரியம் அது.

அதன் பிறகு தமிழ் சினிமா அவரை என்ன செய்தது? அழச் சொன்னது. கலங்கிய கண், நடுங்கும் உதடு என்று ஒரு அச்சு வார்த்து வைத்துக்கொண்டது. அவரும் பல படங்களில் அந்த அச்சுக்குள் போய் உட்கார்ந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். விதிவிலக்கு 2017இல் ஸ்ரீகணேஷ் இயக்கிய ‘8 தோட்டாக்கள்’. திருட்டுப்போன போலீஸ் துப்பாக்கி ஒரு முதியவர் கைக்கு வருகிறது. அவர் தன் வாழ்க்கையைச் சொல்லும் இடத்தில் குரலை உயர்த்துவதே இல்லை, கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொல்கிறார். இதுவரை யாரும் தன்னிடம் கேட்காத ஒரு கதையைச் சொல்பவருக்கு, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் அவர் நடித்திருந்தார்.

இனி ‘பார்க்கிங்’. ராம்குமார் பாலகிருஷ்ணனின் இந்தப் படம் 2023 டிசம்பரில் வந்தது. கீழ்வீட்டில் பத்து வருஷமாகக் குடியிருக்கும் அரசு ஊழியர் இளம்பரிதி, மாடிக்குப் புதிதாக வரும் ஐடி பையன் ஈஸ்வர் (ஹரிஷ் கல்யாண்), ஈஸ்வர் வாங்கும் கார், வாசலில் ஒரே ஒரு இடம். இவ்வளவுதான் கதை. அது பொய்ப் புகார் வரைக்கும் போகிறது.

நான் இதை முதலில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். தோட்டத்தைவிட்டு வந்து இப்போது செனவாங்கில் ஒரு தாமானில் இருக்கிறோம். வேலை கிடைத்துக் கொஞ்ச நாளில் மைவி வாங்கினேன். பக்கத்து வீட்டு அங்கிள் தன் கேட்டுக்கு வெளியே பூச்சட்டி வைத்து இடம் பிடிக்கிற ரகம். ஆகவே நான் முழுக்க ஈஸ்வர் கட்சி. இளம்பரிதி முகம் கடுக்கும்போதெல்லாம் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. படம் முடிந்ததும், “அந்தாளு செஞ்சது தப்புதான்டா. ஆனா அந்தப் பையன் மொதல்ல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்” என்றார். “என்னப்பா கேக்கணும்? வாடகைதான் குடுக்கறான்ல?” என்றேன். அப்பா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். கோயில் திருவிழா நாடகங்களில் அவருக்கு ஒரு நிரந்தர வேஷம் உண்டு, அசரீரி. திரைக்குப் பின்னால் நின்று வானத்துக் குரலாகப் பேச வேண்டும். நல்ல குரல், ஆனால் முகத்துக்கு வேறு ஆள் இருந்தார்கள். தாத்தா காலத்தில் அதுவும் இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவர் குரலுக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

சில நாள் கழித்து ‘பார்க்கிங்’கைத் தனியாகப் பார்த்தேன். இந்த முறை இளம்பரிதியைக் கேட்டேன். வீட்டிலும் அவர் ஆபீஸ் தொனியில்தான் பேசுகிறார். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அழுத்தி மூடுகிறார், மேற்கொண்டு பேச்சு வேண்டாம் என்பதுபோல. நேர்மையாக இருந்தேன் என்பது மட்டுமே கையிருப்பாக உள்ள மனிதர். அந்தக் கையிருப்புக்கு வீட்டிலும் வெளியிலும் யாரும் மதிப்புப் போடவில்லை. அவர் கேட்பது கார் நிறுத்துகிற இடமே இல்லை, ‘சார், வைக்கட்டுமா?’ என்ற ஒரு வார்த்தை. இதைப் படத்தில் வசனமாக யாரும் சொல்வதில்லை. பாஸ்கர் அதைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படம் முழுக்க நடமாடுகிறார். கடைசிப் பகுதியின் கைகலப்பு படத்தின் அளவை மீறியது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஒரு சின்ன வன்மத்தைச் சின்னதாகவே வைத்திருக்கும் துணிச்சல் திரைக்கதைக்குக் கடைசியில் போதவில்லை. (திரைக்கதைக்கும் தேசிய விருது கிடைத்தது வேறு விஷயம்.) ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவிலும் பாஸ்கர் மட்டும் அளவு தவறவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024இல் ‘லால் சலாம்’ படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார் ஏ.ஆர். ரகுமான், குடும்பத்தின் அனுமதியோடும் ஊதியத்தோடும். உதட்டுக்குக் குரலைப் பொருத்துகிற வேலையை இனி இயந்திரம் பிசிறில்லாமல் செய்யும். பொறியாளனாக எனக்கு அதில் சந்தேகம் இல்லை, பிரமிப்பும் உண்டு. அனுமதி, ஊதியம் பற்றி எல்லோரும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் டப்பிங் அறை வெறும் உற்பத்திக்கூடம் இல்லை, அது ஒரு பள்ளிக்கூடமும்கூட. இன்னொரு மனிதனின் மூச்சை வருஷக்கணக்காக உற்றுக் கவனித்துத்தான் பாஸ்கர் போன்ற ஒரு நடிகர் உருவாகிறார். அந்த அறையைப் பூட்டிவிட்டால் குரல் கிடைக்கும், இளம்பரிதி கிடைக்க மாட்டார்.

விருதுச் செய்தி வந்த அன்று அப்பாவிடம் சொன்னேன். பேர் சட்டென்று பிடிபடவில்லை. “யாரு?”

“பார்க்கிங் படத்துல கீழ்வீட்டுக்காரர்ப்பா. நம்ம பட்டாபி.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அம்மா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருக்கும்” என்றார். பாட்டியைச் சொன்னார். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, “வண்டிய அந்த அங்கிள் வாசல்ல போட்டிருக்கியே, சொல்லிட்டுத்தான் போட்டியா?” என்று கேட்டார்.

சொல்லவில்லை. போய்ச் சொன்னேன். அங்கிள் பூச்சட்டியை நகர்த்திவிட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார்.