அளந்த எண்ணும் கணக்கிட்ட எண்ணும்

"அப்பா தினமும் மாலையில் குடிக்கிறார், சார். அளவாகக் குடித்தால் நல்ல கொலஸ்டிரால் கூடும், இதயத்திற்கு நல்லது என்று பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதாம். உண்மையா?"

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆயினும் ஒரு வாதத்தைச் சோதித்துப் பார்ப்பது எல்லா அறிவியலுக்கும் பொதுவான வேலை. நாமும் சோதிப்போம்.

கொலஸ்டிரால் நீரில் கரையாது. புரதத்துடன் சேர்ந்த நுண்துகள்களாகவே அது இரத்தத்தில் செல்கிறது. எல்.டி.எல். துகள்கள் அதை இரத்தக் குழாய்ச் சுவரில் படியவிடுகின்றன, எச்.டி.எல். துகள்கள் கல்லீரலுக்குத் திருப்பி எடுத்துச் செல்கின்றன. எச்.டி.எல்.லுக்கு 'நல்ல கொலஸ்டிரால்' என்ற பெயர் வந்தது இதனால்தான்.

பல சோதனைகளைத் தொகுத்து 1999-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாளொன்றுக்கு 30 கிராம் ஆல்கஹால் அருந்தினால், ஒரு டெசிலிட்டருக்கு எச்.டி.எல். சுமார் 4 மில்லிகிராம் கூடுகிறது. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பும் சுமார் 6 மில்லிகிராம் கூடுகிறது. கல்லீரல் ஆல்கஹாலை எரிப்பதில் ஈடுபடும்போது கொழுப்பை எரிக்கும் வேலை பின்தங்கிவிடுகிறது அல்லவா? செய்தி எழுதுவோர் முதல் எண்ணைச் சொல்லி, இரண்டாவதை விழுங்கிவிடுகின்றனர்!

இவை அளந்த எண்கள். இத்தகைய இரத்த மாற்றங்களை வைத்து, இதய நோய் அபாயம் சுமார் 25 சதவீதம் குறையும் என்றும் அவ்வாய்வு கூறியது. இது கணக்கிட்ட எண். பிழை நுழையும் இடம் இதுவே.

மழைக்கு முன் காற்றழுத்தமானியின் முள் இறங்குவதுண்டு. முள்ளைக் கையால் ஏற்றிவைத்தால் மழை நின்றுவிடுமா? எச்.டி.எல். கூடுதலாக உள்ளவர்களுக்கு இதய நோய் குறைவு என்பது உண்மை. ஆனால் அதைச் செயற்கையாக ஏற்றினால் நோய் குறையுமா? டார்செட்ராபிப் என்னும் மருந்து எச்.டி.எல்.லை 70 சதவீதத்திற்கும் மேல் உயர்த்தியது. சுமார் 15,000 பேரிடம் நடந்த அச்சோதனை 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. காரணம், மருந்து உண்டவர்களிடையே மரணம் அதிகரித்தது!

"குடிக்காதவர்களைவிட அளவாகக் குடிப்பவர்கள் நலமாக இருக்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டனில் ஷேப்பர் குழுவினர் 1988-இல் இதற்கு விடை கண்டனர்: 'குடிக்காதவர்' பட்டியலில், நோய் வந்தபின் குடியை விட்டவர்களும் கலந்திருந்தனர். 2014-இல் 2,60,000-க்கும் மேற்பட்டோரின் மரபணு விவரங்களை ஆராய்ந்தபோது, பிறவியிலேயே குறைவாகக் குடிக்கும் இயல்புடையவர்களுக்கு இதய நோய் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. பாதுகாப்பான அளவு என்று எதையும் கூற இயலாது என 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் அறிவித்தது.

அந்த மாணவனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அப்பாவின் இரத்தப் பரிசோதனைத் தாளில் எச்.டி.எல். வரியோடு நிறுத்திவிடாமல், டிரைகிளிசரைடு வரியையும் அவருக்குப் படித்துக் காட்டு. பிறகு இருவரும் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்."