அவலோகிதர்: வடிவமும் கருணையும்

அவலோகிதேசுவரரைச் சிவபெருமானின் பௌத்த வேடம் எனக் கூறி அமைவாருளர். சடைமுடியும், ‘ஈசுவரர்’ என்னும் பெயரீறும், தென்றிசை மலையில் வீற்றிருப்பவர் என்னும் மரபும் அவர் காட்டும் சான்றுகள். இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. எனினும், இவற்றால் அம்முடிபு நிறுவப்படுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண், சான்றுகள் ஒருபாற்பட்டன அல்ல. காரண்டவியூகம் என்னும் மகாயான நூல், மகேசுவரனே அவலோகிதரின் நெற்றியினின்று தோன்றினான் என்கின்றது. 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர், அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்றார். சைவரோ சிவபிரானிடம் என்பர். இருசாராரும் ஒரே மரபைத் தமக்கே உரிமையாக்கினர். ஆகவே, கடன் கொண்டவர் யாவர் என்னும் வினா நம்மை நெடுந்தூரம் இட்டுச் செல்லாது.

வடிவத்தை நோக்குவோம். சிவபிரான் சடையிற் பிறையும் கங்கையும் விளங்கும். அவலோகிதர் முடியிலோ பெரும்பாலும் அமிதாப புத்தரின் சிற்றுருவே விளங்கும். ஆசானைத் தலைமேற்கொண்ட மாணாக்கர் அவர். கொள்கை வேறுபாடும் இதனோடு ஒட்டியதே. சைவசித்தாந்தத்திற் சிவன் அநாதியே மலமற்றவன்; அருள் அவனது இயல்பு. போதிசத்துவரோ பல பிறவிகளில் முயன்று, சூளுரையாற் கருணையை ஈட்டியவர்; பிறவுயிர்கள் துன்புறுங்காற் தம் வீடுபேற்றை விரும்பாதவர்.

இவ்வுண்மையை அஜந்தா முதற் குகையின் பதுமபாணி ஓவியத்திற் காணலாம். 5ஆம் நூற்றாண்டினதாகிய அவ்வோவியத்தில், மணிமுடியும் முத்துவடமும் அணிந்து, கையில் தாமரையேந்தி நிற்கின்றார் அவர். கருணைக்கு இவ்வணிகள் எற்றுக்கு எனலாம். புத்தர் உலகைக் கடந்தவர். அவர் திருவுருவில் அணியில்லை. உலகிலே தங்கினார் என்பதற்கு அணியே அடையாளம். ஆயின், தாழ்ந்த இமைகள் அவற்றில் அவர்க்குப் பற்றின்மையை உணர்த்துகின்றன. சூழவுள்ள மாந்தரும் குரங்குகளும் தத்தம் போக்கில் இருக்க, அவர் பார்வை மட்டும் கீழே கனிந்து நிற்கின்றது. ஆயிரங்கை வடிவம் வகுத்தோர் கருணையின் அளவை எண்ணாற் காட்டினர். இவ்வோவியன் அதன் தன்மையை ஒரு பார்வையாற் காட்டினான்.

நம் நாட்டில் அவர் நாதர் எனப் பெயர் பெற்றார். கண்டியிலுள்ள நாத தேவாலயம் 14ஆம் நூற்றாண்டினது. காலப்போக்கில் மக்கள் அவரை வருங்காலப் புத்தராகிய மைத்திரேயராகக் கொண்டனர். இன்று துணைநிற்பவர் நாளை வருபவராயினார். பெயர் நிற்கப் பொருள் பெயர்ந்தது.

ஆதலின், வடிவ ஒப்புமை ஒன்றே கொண்டு கருத்தொருமை துணிதல் பொருந்தாது. அயலார் தெய்வத்தை நம் தெய்வத்தின் நிழலெனக் கொள்வது மதிப்பளிப்பது போலத் தோன்றினும், அத்தெய்வத்தைக் காணாது விடுதலேயாம்.